போஞ்சி விதையும் என் இரண்டு கையும்

போன மாதம் ஒரு பரீட்சையில் கோட்டை விட்டேன். இந்த வயதில்... அதுவும் தக்காளிக் கன்றால்.

லண்டன் ரெய்னர்ஸ் லேனில் எங்கள் வீட்டுக்குக் கிட்ட ஒரு பொதுத் தோட்டம் இருக்கிறது. அங்கே வருகிறவர்களுக்குத் தோட்டவேலை சொல்லிக்கொடுக்க வொலன்டியர்கள் தேவை என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். சம்பளம் இல்லை, ட்ரெயினிங் உண்டு. எனக்கு எதற்கு ட்ரெயினிங்? வீட்டுக்குப் பின்னால் வருசா வருசம் மிளகாயும் தக்காளியும் போடுகிறவள் நான். சரி, சும்மா கிடைக்கிறதுதானே என்று சேர்ந்தேன்.

குளிர்காலம் முழுக்கச் சனிக்கிழமைகளில் வகுப்பு. மண், கம்போஸ்ட், நத்தைத் தொல்லை, முதுகு நோகாமல் குனிவது எப்படி என்று எல்லாம் படித்தோம். ட்ரெய்னர் பெயர் ஹெலன். குறைவாகப் பேசுவா, நிறையக் கவனிப்பா. கடைசியில் நாங்களே ஒரு வகுப்பு எடுத்துக் காட்டவேண்டும். அதில் தேறினால்தான் சான்றிதழ்.

எங்கள் சர்ச் பங்கிலிருந்து நாலைந்து பெண்களைக் கூட்டிக்கொண்டு போனேன். சின்ன வேலைதான் — தக்காளிக் கன்றைச் சின்னச் சட்டியிலிருந்து பெரிய சட்டிக்கு மாற்றுவது. முதல் ஆள் கன்றைத் தண்டில் பிடித்துத் தூக்கினா. "இஞ்ச தாங்கோ, நான் செய்யிறன்" என்று வாங்கிச் செய்தேன். அடுத்தவ நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தா. மண் பட்டுவிடுமே என்று அதையும் வாங்கினேன். மூன்றாவது ஆள் தானாகவே என்னிடம் நீட்டிவிட்டா.

எல்லாருக்கும் சாப்பிட நான் கொண்டுபோன ரோல்ஸ் முடிய, கன்றுகளும் முடிந்தன. எல்லாம் வரிசையாக, வடிவாக நின்றன. "அருமையான வகுப்பு" என்றார்கள். எனக்கும் அப்படித்தான் பட்டது.

ஹெலன் மிச்சமிருந்த ஒரு கன்றை எடுத்து வந்த பெண்களில் ஒருவரிடம் கொடுத்து, செய்து காட்டச் சொன்னா. அவ கன்றைப் பார்த்தா, சட்டியைப் பார்த்தா, பிறகு என்னைப் பார்த்தா.

"இன்றைக்கு உங்கள் வகுப்பில் ஒரே ஒரு ஆள்தான் பயிற்சி எடுத்தார். அது நீங்கள்" என்றா ஹெலன். இரண்டு வாரம் கழித்துத் திரும்ப எடுக்கவேண்டுமாம்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வீடு வரும்வரை மனதுக்குள் அவவோடு சண்டை. ஆறி உட்கார்ந்த பிறகு யோசித்தேன்... நீங்களும் யோசித்துப் பாருங்கள். நம் வீட்டில் விருந்தாளி சாப்பிட்ட கோப்பையைத் தூக்கிக்கொண்டு சிங்க் பக்கம் போனால் என்ன செய்வோம்? பாய்ந்து பறிக்கமாட்டோமா? வேலைக்குப் போகிற மகனுக்குச் சோறு போட்டு, மீனில் முள்ளும் எடுத்துக் கொடுக்கிற ஆட்கள்தானே நாங்கள். அடுத்தவர் கையில் இருப்பதை வாங்கிச் செய்யாவிட்டால் நமக்கு அன்பு காட்டின மாதிரியே இருக்காது.

ஹெலனிடம் என் வியாதியைச் சொன்னேன். சிரிக்கவில்லை. "வகுப்பு முடியும்வரை இரண்டு கையாலும் ஒரு கப்பைப் பிடித்துக்கொண்டிருங்கள்" என்றா.

இரண்டாம் வகுப்புக்குப் போஞ்சி விதை, அதுதான் பீன்ஸ். சட்டி மண்ணில் விரலால் குழி போட்டு, விதையை விட்டு, மூடவேண்டும். அவ்வளவுதான். இந்த முறை ஸ்டெல்லா அக்காவும் புருசன் அன்ரன் அண்ணையும் வந்தார்கள். அண்ணை மன்னார்க்காரர். லண்டனில் பஸ் ஓட்டினவர். போன வருசம் ஸ்ட்ரோக் வந்து வலது கை விழுந்துவிட்டது. அன்றிலிருந்து ஊட்டுவது, உடுத்துவது, தலை வாரி இழுப்பது எல்லாம் அக்காதான். ஆளும் எதிலும் பிடிப்பில்லாமல் போய்விட்டார்.

"நான் சும்மா பாத்துக்கொண்டிருக்கிறன்" என்றார்.

அவருக்கும் ஒரு சட்டியை வைத்தேன். வைத்துவிட்டு, தேத்தண்ணிக் கப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

கொஞ்சநேரம் சட்டியையே பார்த்தவர், இடது கை விரலை மண்ணுக்குள் விட்டார். குழி வந்தது. விதையை எடுத்தார், வழுக்கி விழுந்தது. திரும்ப எடுத்தார். திரும்ப விழுந்தது. நெற்றியில் வேர்வை. அக்கா, "விடுங்கோ, நான் போடுறன்" என்று கையை நீட்டினா.

என்ன செய்வது? என் கப்பை அக்காவின் கையில் திணித்தேன். "அக்கா, இதைக் கொஞ்சம் பிடியுங்கோ."

அக்காவின் கைகள் கட்டுப்பட்டன. என்னுடையவை இப்போது சும்மா! ஹெலன் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றா. உண்மையாகச் சொல்கிறேன், அந்த நேரத்தில் சான்றிதழ் மண்ணாங்கட்டி என்றுதான் இருந்தது. அந்த மனுசன் எல்லாருக்கும் முன்னால் தோற்றுப்போவாரோ என்பதுதான் பயம். கையைக் கோட் பொக்கற்றுக்குள் விட்டுக்கொண்டேன்.

அடுத்த முறை விதை குழிக்குள் போனது. மண்ணைத் தள்ளி மூடினார். கொஞ்சம் தட்டினார்.

"இன்னொண்டு தாங்கோ."

மற்றவர்கள் முடித்து ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அன்ரன் அண்ணை தன் சட்டியை முடித்துவிட்டுத்தான் எழும்பினார்.

ஹெலன் எனக்குப் பாஸ் போட்டா. சந்தோசம்தான், இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் வீட்டுக்கு வெளிக்கிடும்போது ஸ்டெல்லா அக்கா என்னைத் தனியாக இழுத்துச் சொன்னது இன்னும் நெஞ்சுக்குள் நிற்கிறது.

"சட்டைப் பொத்தானைத் தானே போடுறன் எண்டு இவர் கேட்டவர். எத்தினையோ தரம் கேட்டவர். பூசைக்கு நேரம் போகுதெண்டு நான்தான் விடேல்லை."

 

போன ஞாயிறு சர்ச்சில் பிரசங்கம் பாதியில் ஓடிக்கொண்டிருக்க, இரண்டு பேரும் உள்ளே வந்து எனக்கு முன்வரிசையில் இருந்தார்கள். அன்ரன் அண்ணையின் சட்டை ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கி நின்றது. என் பக்கத்தில் இருந்தவர் எட்டி அவர் தோளைத் தட்டி, "அண்ணை, பொத்தான் மாறிப் பூட்டிக் கிடக்கு. இஞ்சால திரும்புங்கோ" என்று கையை நீட்டினார்.

ஸ்டெல்லா அக்கா திரும்பினா.

"தொடாதேங்கோ. அது அவர் போட்டது."