ஜவ்வரிசி வெளுக்கும் மருந்து

1. நாற்காலி மரியாதை

புது மில்லில் முதல் நாளே எனக்கு நாற்காலி போட்டார்கள். ஜவ்வரிசி மில்லில் மாவு உருட்டுகிறவனுக்கு நாற்காலி போட்டு நான் எங்கும் பார்த்ததில்லை. ராசிபுரம் பக்கம் மில் ஆரம்பித்திருந்த செங்கோடன் முதலாளி, இளநீரைத் தன் கையாலேயே சீவிக் கொடுத்தார். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும். இளநீர் ருசியில் கோட்டை விட்டுவிட்டேன்.

"குடிச்சுப்போட்டு மெதுவாச் சொல்லுங்க சாமி. அந்த மருந்து என்னங்க?" என்றார்.

அப்போதுதான் புரிந்தது. அவர் என்னை எடுத்தது என் கைவேலைக்காக அல்ல, நான் முன்பு வேலை செய்த சேலம் மில்லின் ரகசியத்துக்காக.

அது இரண்டாவது உலக யுத்தம் நடந்த சண்டைக் காலம். கப்பலில் வந்துகொண்டிருந்த ஜவ்வரிசி நின்றுபோனதும், எங்கள் பக்கத்தில் குச்சிக்கிழங்கு என்று சொல்லும் மரவள்ளியிலிருந்து நாங்களே செய்யத் தொடங்கினோம். வாசல் பந்தலில் கிழங்கைத் தோலுரித்து அரைத்து, பாலைத் துணியில் வடிகட்டித் தொட்டியில் தெளியவிடுவோம். அடியில் படிந்த மாவை அரை ஈரமாகத் துணியில் போட்டு, தொட்டில் ஆட்டுவது போல இரண்டு பேர் ஆட்டினால் முத்து முத்தாக உருளும். அதைச் சட்டியில் வறுத்துக் காயவைத்தால் ஜவ்வரிசி. எல்லா மில்லிலும் இதே வேலைதான். ஆனால் சேலத்து அர்த்தநாரி முதலாளியின் சரக்கு மட்டும் பளிச்சென்று வெளுத்திருக்கும். கல்கத்தா வியாபாரிகள் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

2. மூடிய அறை

அர்த்தநாரி முதலாளி தினமும் மதியம், துணி மூடிய பானை ஒன்றைத் தூக்கிக்கொண்டு தொட்டிக்குப் பக்கத்து அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வார். யாராவது கேட்டால், "மருந்து கலக்கறேன், தொந்தரவு பண்ணாதீங்க" என்பார். ஊர் முழுக்க இதே பேச்சு.

ஒரு நாள் உள்ளே தடால் என்று சத்தமும், "ஐயோ" என்று ஒரு குரலும் கேட்டன. பதறிப்போய்க் கதவை முட்டித் திறந்தேன். முதலாளி தரையில் கிடந்தார். பக்கத்தில் ஒரு கயிற்றுக் கட்டில், ஒரு விசிறி, மோர்ப் பானை. மனிதர் மோரைக் குடித்துவிட்டுத் தினமும் தூங்கியிருக்கிறார்! தூக்கத்தில் புரண்டு விழுந்துவிட்டார்.

அடி ஒன்றும் இல்லை. மானம்தான் போயிற்று. என்னை நேரே மாரியம்மன் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"கற்பூரத்தை அணைச்சு சத்தியம் பண்ணுடா. அந்த ரூமுக்குள்ள என்ன இருக்குன்னும் சொல்லக் கூடாது, என்ன இல்லைன்னும் சொல்லக் கூடாது. கல்கத்தாக்காரன் அந்தக் கதவைப் பாத்துத்தான் விலை சொல்றான்."

சிரிப்பை அடக்கிக்கொண்டு கற்பூரத்தை அணைத்தேன்.

3. நீல ஜவ்வரிசி

பிறகு எனக்குக் கல்யாணம் ஆயிற்று. மனைவி பாவாயிக்கு ராசிபுரம் பக்கம். அவள் கர்ப்பமானபோது அவள் அம்மா படுத்த படுக்கையாகிவிட்டார். பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை. அதனால்தான் சேலத்தை விட்டு வந்தேன்.

செங்கோடன் முதலாளியிடம் உள்ளதைச் சொன்னேன். "சத்தியம் பண்ணியிருக்கறேனுங்க. ரூம் விஷயத்தைச் சொல்ல முடியாதுங்க. ஆனா இங்க தோலுரிக்கறதே சரியில்லீங்க. மேல் தோல் மட்டும் போகுது. உள் தோலையும் சுரண்டோணும்."

"தோலை உடுங்க சாமி. மருந்தைச் சொல்லுங்க."

நான் மறுக்க மறுக்க, மருந்து ஒன்று இருக்கிறது என்று அவருக்கு உறுதியாகிவிட்டது. என் முகத்தைப் பார்த்தபடியே சுண்ணாம்பா, படிகாரமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். துணிக்குப் போடும் நீலம் என்றபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதுதான் மருந்து என்று முடிவு கட்டி, ஒரு தொட்டி முழுக்க நீலத்தைக் கலந்துவிட்டார். வானத்து நிறத்தில் ஜவ்வரிசி வந்தது. மாடுகூட முகர்ந்து பார்த்துவிட்டு விலகிப் போயிற்று.

அவருக்குக் கோபம் தலைக்கேறியது. கோபத்திலும் அந்த ஊர் மரியாதை குறையவில்லை. "வாற அமாவாசைக்குள்ள சரக்கு வெளுக்கோணுமுங்க. இல்லாட்டி நீங்க ஊட்டுக்குப் போயிக்கலாமுங்க."

4. பாவாயி கேட்ட கேள்வி

வேலை போனால் சேலத்துக்கும் திரும்ப முடியாது. இங்கே வேறு மில்லும் இல்லை. சொல்லித் தொலைக்கலாமா என்று வீட்டில் முணுமுணுத்தேன். பாவாயி வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"வயித்துல புள்ளைய வெச்சிருக்கறேன். சத்தியத்தை மீறுனீங்கன்னா இந்த ஊட்டுப்படி ஏறாதீங்க." மறுபடி உட்கார்ந்துகொண்டு கேட்டாள், "ஏனுங்க, மூடுன கதவுக்குத்தானுங்க சத்தியம்? வெளிய பந்தல்ல எல்லாரும் பாக்கச் செஞ்ச வேலைக்குமா?"

எனக்கு அவளைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது.

மறுநாள் முதலாளியிடம் போய் நின்றேன். "எனக்கு ஒரு ரூம் வேணுமுங்க. தாழ்ப்பாள் போட்டது. உள்ள நடக்கறதை நீங்க கேக்கக் கூடாதுங்க. வெளிய நான் சொல்றதை அப்படியே செய்யோணுமுங்க."

அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! அன்றே அறை தயாரானது. தோல் பற்றிய பேச்சைக் காதிலேயே போட்டுக்கொள்ளாதவர், இப்போது தானே பந்தலில் உட்கார்ந்து உள் தோல் சுரண்டினார்களா என்று கிழங்கு கிழங்காகப் பார்த்தார். தெளிந்த தண்ணீரை மாற்றி மாற்றி ஊற்றினோம். மாவின் மேலே படியும் மஞ்சள் ஏட்டை வழித்து எறிந்தோம். அர்த்தநாரி முதலாளி மில்லில், ரோட்டில் போகிறவர்கள் எல்லாரும் பார்க்கச் செய்த வேலைகள்தான் இவை. அமாவாசைக்கு முன்பே சரக்கு வெளுத்துவிட்டது.

5. வந்து நின்ற ஜட்கா

செய்தி சேலத்துக்குப் போயிற்று. ஒரு மதியம் மில் வாசலில் குதிரை பூட்டிய ஜட்கா ஒன்று வந்து நின்றது. அர்த்தநாரி முதலாளி இறங்கினார். கண்கள் சிவந்திருந்தன.

"ரூம் கட்டியிருக்கியாமே? அம்மன் முன்னால செஞ்ச சத்தியத்தை வித்துட்டியாடா?"

பக்கத்தில் செங்கோடன் முதலாளி காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். அவர் எதிரில் நான் எதைச் சொன்னாலும் சத்தியம் போய்விடும். சொல்லாவிட்டால் நான் துரோகி. சோறு போட்ட மனிதர் என்னை அப்படி நினைக்கவும் விட முடியாது.

"முதலாளி, நீங்க மட்டும் உள்ள வந்து பாருங்க" என்று அழைத்துப்போய்த் தாழ்ப்பாள் போட்டேன்.

உள்ளே ஒரு கயிற்றுக் கட்டில், ஒரு விசிறி, மோர்ப் பானை.

கட்டிலையும் பானையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு துண்டை வாயில் அடைத்துக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். கட்டிலில் உட்கார்ந்து பார்த்தார். மோரையும் குடித்தார்.

"கயிறு தொய்வா இருக்குடா. இழுத்துக் கட்டு. நான் விழுந்த மாதிரி நீயும் விழப் போறே" என்றார். கதவைத் திறக்கும் முன் என் தோளைத் தொட்டு, "நான் கண்ணை மூடுன பிறகு சொல்லிக்கோ" என்றார். அந்த அனுமதியில்தான் இதை எழுதுகிறேன்.

வெளியே வந்ததும் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு செங்கோடன் முதலாளியிடம் சொன்னார்: "என் மருந்தை இவன் தொடலை. இது இவன் சொந்த மருந்து. ஆளைப் பத்திரமா வெச்சுக்குங்க."

வேலை மாறும் தம்பிகளுக்கு நான் சொல்வது இதுதான். பழைய முதலாளி மூடி வைத்த கதவை மூடியபடியே விட்டுவிட்டு வாருங்கள், உள்ளே ஒன்றுமே இல்லாவிட்டாலும். உங்கள் கை கற்ற வேலையை யாரும் பிடித்து வைத்துக்கொள்ள முடியாது.

அன்று மாலையே கட்டில் கயிற்றை இழுத்துக் கட்டினேன்.