விழ வேண்டிய சுவர்

முப்பது வருஷம் கொத்தனார் வேலை பார்த்தவன் நான். நான் கட்டிய சுவர் விழுந்துவிட்டது என்று ஒருவரும் வீட்டு வாசலில் வந்து நின்றதில்லை. சுனாமி வந்த மறு வருஷம், விழுவதற்கென்றே ஒரு சுவர் கட்டித் தரச் சொல்லி ஆரோவில்லில் ஒரு வெள்ளைக்கார அம்மா கேட்டார்.

அவர் கலைஞர். பல வருஷமாக இங்கேயே இருப்பதால் நன்றாகத் தமிழ் பேசுவார். மரக்காணம் உப்பை ஈரமாக்கி, அச்சில் அடித்து, காயவைத்து, கல் கல்லாக எடுத்து ஆள் உயரத்துக்கு அடுக்க வேண்டும். சாந்து கூடாது. கண்காட்சி தொடங்கும் நாளில் கூட்டத்தின் முன்னால் அவர் அந்தச் சுவரை உடைத்துக்கொண்டு இந்தப் பக்கம் வருவார். அதுதான் கலை என்றார். எனக்குப் புரியவில்லை. ஆனாலும் வேலை வேலைதானே. முதல் கல்லுக்கு மஞ்சள் குங்குமம் வைத்து ஐயனாரப்பனைக் கும்பிட்டேன். அசையாமல் நிற்க வேண்டும் சாமி என்று வாய் பழக்கத்தில் வேண்டிக்கொண்டது.

கையும் வாயைப் போலத்தான். வெறும் கல்லின் மேல் வெறும் கல்லை வைக்க எனக்கு மனசு வரவில்லை. வரிசைக்கு வரிசை கொஞ்சம் உப்புத்தண்ணீர் தெளித்தேன். சாந்து இல்லையே, தண்ணீர்தானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மூன்று நாள் வெயிலில் அந்தத் தண்ணீர் உறைந்து, சுவர் பாறையாகிவிட்டது.

ஒத்திகையில் அந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டு போய் மோதினார். சுவர் அப்படியே நின்றது. அவர்தான் உட்கார்ந்தார். தோள்பட்டை வீங்கிவிட்டது.

"மேஸ்திரி, ரொம்ப நல்லா கட்டிட்டீங்க," என்றார்.

திட்டியிருந்தாலாவது எனக்குச் சோறு இறங்கியிருக்கும். கண்காட்சிக்கு இன்னும் ஒரு வாரம். மறுபடியும் சுவர் நின்றுவிட்டால் அவருடைய இன்னொரு தோளும் போய்விடும்.

என் மனைவியின் தம்பியிடம் சொன்னேன். உப்பளத்தில் ஒரு சண்டைப் படம் எடுத்தபோது கூலிக்குப் போய், அடியாட்கள் வந்து விழுவதற்கு உப்பைக் குவித்துக் கொடுத்தவன். அன்றிலிருந்து சினிமாவைப் பற்றி எங்கள் வீட்டில் அவன் வைத்ததுதான் சட்டம். நான் சொல்லி முடிப்பதற்குள் சிரித்துவிட்டான்.

"இது ஹீரோ என்ட்ரி மாமா. செவுத்த ஒடச்சிக்கினு வர்றது. அவங்க கலைன்னு சொல்றாங்க, நாங்க சண்டைன்னு சொல்றோம். ரெண்டுலயும் செவுரு ஒடையணும், ஆளு ஒடையக்கூடாது. அவ்ளோதான்."

அவனை அந்த அம்மாவிடம் கூட்டிப்போனேன். கொஞ்சமும் கூச்சமில்லாமல் பாடம் எடுத்தான். நடுவில் ஆள் அளவுக்கு அரைக் கல்லாக அடுக்க வேண்டும். இடுக்கில் பொடி உப்பைப் போட்டால் புகை மாதிரி கிளம்பும். ஓடி வந்து மோதக் கூடாது, மெதுவாக நடந்து வர வேண்டும். எதிரே ஒரு ஃபேன் வைத்தால் முடி பறக்கும். அம்மா எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டார். ஃபேன் மட்டும் வேண்டாம், இது சினிமா இல்லை என்றார்.

திரும்பும்போது கீழ்புத்துப்பட்டில் இறங்கி, கோயிலில் ஐயனாரப்பன் முன்னால் நின்றோம். சுவர் விழ வேண்டும் என்று ஒரு கொத்தனார் எப்படிச் சாமியிடம் கேட்பான்? வெட்கமாக இருந்தது.

"போன வாட்டி கேட்டதைக் குடுத்துட்ட சாமி. அந்த வேண்டுதலை வாபஸ் வாங்கிக்கிறேன்," என்றேன். பின்னால் நின்ற மச்சினன் இருமினான்.

பழைய சுவரை இடித்துவிட்டு, மச்சினன் சொன்னபடி புதிதாக அடுக்கிக் கொடுத்தேன். கண்காட்சி அன்று போய்ப் பார்த்தால் மூலையில் ஒரு ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. அதைப் பற்றி யாரும் பேசவில்லை. அம்மா மெதுவாக நடந்து வந்து கையை வைத்தார். கற்கள் பொலபொலவென்று சரிந்தன. வெள்ளைப் புகை கிளம்பியது, முடி பறந்தது. வந்திருந்தவர்கள் தீபாராதனை பார்ப்பதுபோலப் பேச்சில்லாமல் நின்றார்கள். மச்சினன் இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு விசில் அடித்தான். அதன் பிறகுதான் கூட்டம் கைதட்டியது. வயதான வெள்ளைக்காரர் ஒருவரும் விரலை வாயில் வைத்துப் பார்த்தார், காற்றுதான் வந்தது.

எனக்கு அந்த அம்மாவின் தோள்மேல்தான் கண். சிரித்துக்கொண்டே உப்பைத் தட்டிவிட்டார். இரண்டு தோளும் நன்றாக இருந்தன.

தூசி அடங்கிய பிறகுதான் கீழே பார்த்தேன். அடியில் இரண்டு வரிசைக் கல் அசையாமல் நின்றது. அம்மா காலைத் தூக்கித் தாண்டி வந்திருக்கிறார். அந்த இரண்டு வரிசைக்கு மட்டும் தண்ணீர் தெளித்ததை நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

மச்சினன் என் காதருகே குனிந்தான்.

"சாமி பாதிதான் வாபஸ் குடுத்திருக்குது மாமா."