ரயிலில் கேட்ட வரைபடம்

ஐந்தாறு வருடங்களுக்கு முன், பி.ஏ. பொருளாதாரம் கடைசி வருடத் தேர்வுக்காகச் சங்கரன்கோவிலில் மதுரை ரயில் ஏறினேன். எனக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. பாடத்தைப் போன் வாசிக்கக் கேட்டுத்தான் படிப்பேன். தேர்வில் நான் சொல்லச் சொல்ல வேறொருவர் எழுதுவார்.

முந்தின நாள்தான் பேராசிரியர் முக்கியமான பகுதியை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். எல்லாமே கையால் எழுதிப் போட்டோ எடுத்த பக்கங்கள். எதைத் தொட்டாலும் போன் "படம்" என்று மட்டும் சொன்னது. தோழிகளும் படிப்பு மும்முரத்தில் இருந்தார்கள். மதியம் தேர்வு. தவறினால் பி.எட். சேர முடியாது. ரயிலிலும் திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டிருந்தேன்.

பக்கத்து இருக்கையில் இருந்த ஓர் அம்மா, "ஏம்மா, படம் படம்னே சொல்லுதே, என்ன படம்?" என்று கேட்டார். கடையநல்லூரில் ஏறியவராம். விஷயத்தைச் சொன்னேன். "இங்கன கொண்டா" என்று போனை வாங்கி, நிதானமாக வாசிக்க ஆரம்பித்தார்.

நடுவில் நிறுத்திவிட்டார். "இதுல எழுத்து இல்லம்மா. கோடால்லா கிடக்கு."

அதை விட்டுவிடுங்கள் என்றேன். அவர் விடவில்லை.

"எங்க வீட்டுக்காரர் துபாய்ல இருக்காவ. வீடு கட்டும்போது ஜன்னல் எங்க, படி எங்கன்னு போன்லயே சொல்லிச் சொல்லி எனக்குப் பழக்கம். கேளு. ஒரு கோடு இடது பக்கம் மேல தொடங்கி, வலது பக்கமா கீழ இறங்குது. இன்னொண்ணு கீழ இருந்து மேல ஏறுது. நடுவுல ரெண்டும் வெட்டிக்கிடுது."

இறங்குவது தேவை, ஏறுவது அளிப்பு, வெட்டும் இடம்தான் விலை. அதுவரை மனப்பாடமாக ஒப்பித்த வரிகள் அன்றுதான் எனக்குள் ஓர் உருவமாக வந்தன. அவருக்கு விளக்கினேன். "அப்பம் வரத்து கூடுனா தக்காளி விலை இறங்குதது இதானா?" என்று சிரித்தார். மதுரை வருவதற்குள் எல்லாப் பக்கமும் முடிந்தது. பாவம், அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது.

தேறினேன். இப்போது சங்கரன்கோவிலில் ஒரு பள்ளியில் பொருளாதாரம் நடத்துகிறேன். வகுப்புக் குழுவில் படம் அனுப்பும்போதெல்லாம், அதில் என்ன இருக்கிறது என்று சக ஆசிரியரிடம் கேட்டு, கீழே வார்த்தைகளில் எழுதிவிடுவேன்.

"உங்க கிளாஸ்ல எல்லாப் பிள்ளைக்கும் கண்ணு தெரியுதுல்லா, பிறகு எதுக்கு டீச்சர்?" என்று ஒருமுறை அந்த ஆசிரியர் கேட்டார்.

"அடுத்த வருசம் யாரு வருவாங்கன்னு தெரியாதுல்லா சார்" என்றேன்.

பாடம் தயாரிக்க உட்காரும்போதெல்லாம், இன்னும் வந்து சேராத அந்தப் பிள்ளையும் வகுப்பில் காத்திருப்பதாகத்தான் எனக்குத் தோன்றுகிறது.