சடையில் கட்டிய டேப்

ஸ்ரீவில்லிபுத்தூரில் என் மகன் ரெக்கார்டு பிளேயருக்குப் புது பெல்ட் மாட்டிக்கொண்டிருந்தான்.

"மோட்டார் நேரடியா ரெக்கார்டுத் தட்டத் தொடாதும்மா. பெல்ட்டுதான் இழுக்கு. அதான் இரைச்சல் முள்ளுக்குப் போகாது."

எனக்கு இது ஒன்பது வயதிலேயே தெரியும். ராஜபாளையம் மில்லில் அப்பா ஃபிட்டர். நூல் சுற்றும் கதிர்களை ஓட்டும் பருத்தி டேப் நைந்தால் கழிவுக் கூடையில் போடுவார்கள். அதில் மூன்று முழம் கொண்டுவந்து எங்கள் ரெக்கார்டு பெட்டிக்குப் பெல்ட்டாகத் தைத்தார். தையலைச் சாய்வாகப் போட்டார். நேராகப் போட்டால் ஒவ்வொரு சுற்றுக்கும் டொக்கென்று கேட்குமாம். கேட்கவில்லை. பாட்டு சுத்தமாக வந்தது.

மிச்சத் துண்டை நான் சடையில் ரிப்பனாகக் கட்டிக்கொண்டேன். அப்படியே அப்பாவுக்குச் சோறு கொண்டு மில் கேட்டுக்குப் போனேன். அப்பா வந்து சோற்றை வாங்கும்போது சூப்பர்வைசர் பார்த்துவிட்டார்.

"ஏலே, மில்லு டேப்பு உன் மக தலைக்கு எப்படி வந்துச்சு?"

"கழிவுல கெடந்தது சார்."

"கழிவும் மில்லோடதுதாம்ல, திருட்டுப்பயலே."

என் சடையைப் பிடித்து ரிப்பனை உருவினார். கொஞ்சம் முடியும் சேர்ந்து வந்தது. அப்பாவை அன்றைக்கே வேலையைவிட்டு அனுப்பினார்கள். அப்பா என்னை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"பழைய பெல்ட்டக் குப்பையில போட்டுரட்டுமாம்மா?" என்றான் மகன்.

"கொண்டா இங்க."

வாங்கி, நரைத்த கொண்டையில் இரண்டு சுற்றுச் சுற்றினேன்.

"என்னம்மா இது?"

"எவன் வந்து உருவுதான்னு பாப்போம்."