வேகிற குவியல்

ஜில்பெர்த் எங்கள் ஊர்ப் பள்ளிப் பேருந்தை இருபத்தாறு வருஷமாக ஓட்டுகிறவள். எனக்குப் பக்கத்து வீடு. ஆள் குள்ளம், குரல் பெரிசு, எடுத்ததைப் பாதியில் விடத் தெரியாது. நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தின் இந்த வடகோடியில் நவம்பர் தொடங்கி ஏப்ரல்வரை பனிதான். அந்தப் பனியால் அவள் வண்டி ஒருநாள்கூடத் தாமதமானதில்லை.

அவள் கணவன் ஓனில், காட்டிலிருந்து மரம் ஏற்றி வரும் லாரியை ஓட்டி ஓய்வு பெற்றவன். முப்பது வருஷம் குலுங்கிய முதுகுக்கு அவன் கண்டிருந்த ஒரே வைத்தியம் வெந்நீர். சாயங்காலம் குளிக்கப் போனால் முக்கால் மணி நேரம் வெளியே வரமாட்டான். கூடவே பாட்டு. சுருதி சேராத அந்தப் பாட்டு என் சமையலறைவரை கேட்கும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் மின்கட்டணமும் எண்ணெய் விலையும் சேர்ந்தாற்போல் ஏறின. ஜில்பெர்த் ஜன்னல்களுக்கு பிளாஸ்டிக் தாள் ஒட்டினாள், கதவிடுக்கில் பழைய கம்பளியைத் திணித்தாள், வெந்நீர் பாய்லருக்குக்கூடப் போர்வை சுற்றினாள். கொஞ்சம் குறைந்தது, போதவில்லை. ஓனில் யாரிடமும் எதுவும் சொல்லாமல் தன் குளியலை நான்கு நிமிஷமாக்கிக்கொண்டான். பாட்டு நின்றுபோனது.

"அவன் கத்துறது நிக்கணும்னு எத்தன தடவ வேண்டிருப்பேன் தெரியுமா," என்றாள் என்னிடம். "இப்ப நின்னுபோச்சு. வீடு எழவு வீடு மாதிரி இருக்கு."

பிப்ரவரியில் ஒருநாள், பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்பும்போது ஆற்றோரத்து மரம் அறுக்கும் மில்லைத் தாண்டினாள். எங்கும் வெள்ளை. மில்லுக்குப் பின்னால் கொட்டிக் கிடந்த மரச்சில்லுக் குவியலில் மட்டும் பனியே இல்லை. ஆவி பறந்தது. உச்சியில் மூன்று காக்கைகள் கண்ணை மூடிக்கொண்டு சொகுசாக உட்கார்ந்திருந்தன. ஜில்பெர்த் வண்டியை நிறுத்தி, மேலே ஏறி, முழங்கைவரை கையை உள்ளே விட்டாள். விட்ட வேகத்தில் உருவிக்கொண்டாள்.

நேரே நான் வேலை பார்க்கும் தபால் அலுவலகத்துக்கு வந்து கையை நீட்டினாள்.

"தொட்டுப் பாரு. யாரும் நெருப்பு வெக்கல, சும்மா கெடக்குது."

"மக்குற எதுவும் சூடாகும்டி. எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே."

"எல்லாருக்கும் தெரிஞ்சு, ஒருத்தராவது அதுல வெந்நி போட்டீங்களா?"

செப்டம்பரில் எட்டு லோடு ஈரச் சில்லு வந்து இறங்கியது. எங்கே கொட்டுவது என்று முழித்துக்கொண்டிருந்த மில்காரர் சும்மாவே கொடுத்தார். குதிரை லாயத்திலிருந்து லத்தி. ஒரு அடுக்கு சில்லு, ஒரு அடுக்கு லத்தி, நடுநடுவே சுருள்சுருளாகக் கறுப்பு பிளாஸ்டிக் குழாய். கிணற்றின் குளிர்ந்த தண்ணீர் ஒரு முனையில் நுழைந்து, குவியலுக்குள் சுற்றிச்சுற்றி, மறுமுனையில் வீட்டுக்குப் போக வேண்டும் என்பது ஏற்பாடு. குவியல் அவளைப்போல் இரண்டு ஆள் உயரம் வந்தது.

ஊருக்கு நல்ல பொழுதுபோக்கு. கடைக்காரன் கேட்டான்: "ஏன் ஜில்பெர்த், லத்தித் தண்ணில குளிச்சா அழகு கூடுமா?"

"கூடும். ஆனா உனக்குப் பத்தாது."

ஓனிலுக்குத்தான் வெட்கம். "ஊரே சிரிக்குது," என்றான்.

"சிரிக்கட்டும். சிரிச்சா உடம்பு சூடாகும். அவங்களுக்கும் செலவு மிச்சம்."

முதல் வாரம் நாற்றம் மட்டும் வந்தது. இரண்டாம் வாரமும் அதேதான். தினமும் ஒரு நீளக் கம்பியைக் குவியலுக்குள் செருகி, உருவி, கன்னத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்டோபரில் முதல் உறைபனி விழுந்த காலையில் குவியல் புகைபோக்கிபோல ஆவி விட்டது. சாலையில் போன யாரோ தீயணைப்புக்குச் சொல்லிவிட்டார்கள். சங்கு அலற வண்டி வந்து நின்றது. ஆறு பேர் குதித்தார்கள். தலைவன் ரெனால், ஜில்பெர்த்தின் சொந்தத் தம்பி. கஞ்சிக் கரண்டியும் கையுமாக நானும் ஓடினேன். ஜில்பெர்த் குளியல் அங்கியோடு, இரண்டு கையையும் விரித்துக் குவியலை மறித்து நின்றாள்.

"தள்ளுக்கா. உள்ள எரியுது."

"எரியலடா, வேகுது. ஒரு சொட்டுத் தண்ணி அதுமேல பட்டுச்சு, உன் கல்யாண போட்டோவ எரிச்சிருவேன்."

"அக்கா, நான் டூட்டில இருக்கேன்."

"அப்ப டூட்டியா கையக் காட்டு."

வீட்டுக்குப் போகிற குழாயில் இருந்த பைப்பைத் திறந்துவிட்டாள். ரெனால் கையுறையைக் கழற்றி விரலை நீட்டினான். முகம் மாறியது. மற்ற கையுறையையும் கழற்றி அந்தக் கையையும் நீட்டினான். பின்னாலேயே மீதி ஐந்து பேரும் ஹெல்மெட்டோடு வந்து, கோயில் வரிசைபோல நின்று கை நனைத்தார்கள்.

"அக்கா," என்றான் ரெனால் தணிந்த குரலில், "இதுல குளிக்கலாமா?"

கொட்டிலில் குதிரைக்குத் தண்ணீர் காட்டிய பழைய தகரத் தொட்டி கிடந்தது. நாலு பேர் தூக்கி வந்து நிரப்பினார்கள். நீ முதலில், நான் முதலில் என்று அவர்கள் தள்ளிக்கொண்டிருக்கும்போதே ஓனில் செருப்போடு பனியில் நடந்து வந்தான். யாரையும் பார்க்கவில்லை. அங்கியை வேலியில் போட்டான், உள்ளாடையோடு தொட்டிக்குள் இறங்கி, கழுத்துவரை அமிழ்ந்து கண்ணை மூடினான். பிறகு அந்தப் பாட்டு கிளம்பியது. சுருதி கொஞ்சமும் திருந்தியிருக்கவில்லை. தீயணைப்புக்காரர்கள் ஆறு பேரும் சேர்ந்து பாடினார்கள். ஜில்பெர்த் சிரித்தாள், மூக்கைத் துடைத்தாள், மறுபடி சிரித்தாள். என் வீட்டிலிருந்து கஞ்சி தீய்கிற வாசனை வந்தது, நான் நகரவில்லை.

"ஐயோ, பஸ்ஸு," என்று திடீரென்று ஓடினாள். அன்றைக்குப் பிள்ளைகள் பதினெட்டு நிமிஷம் காத்திருந்தார்கள். குளியல் அங்கிமேல் கோட்டு மாட்டிக்கொண்டு, ஓனிலின் பாட்டைப் பாடிக்கொண்டே ஓட்டி வந்தாளாம்.

அந்தக் குளிர்காலம் மைனஸ் முப்பதுவரை இறங்கியது. குவியல் அசையவில்லை. பாய்லர் பேருக்குத்தான் ஓடியது. சனிக்கிழமைகளில் ஊரே தொட்டிக்கு முறை போட்டுக்கொண்டது. கம்பளிக் குல்லாயோடு தண்ணீருக்குள் உட்கார்ந்து, மடியில் தட்டை வைத்து, ப்ளாய் என்கிற எங்கள் ஊர் அடையில் சூடாக வெண்ணெய் தடவிச் சாப்பிடுவார்கள். ஈர முடி விறைத்து நட்டுக்கொள்ளும். யாருடையது உயரம் என்று போட்டி. லத்தி ஜோக் அடித்த கடைக்காரன் இரண்டு வாரம் தொடர்ந்து ஜெயித்தான்.

அடுத்த இலையுதிர் காலத்தில் ஊரில் ஐந்து குவியல்கள். என்னுடையது மட்டும் சூடேறவே இல்லை. நன்றித் திருநாள் ஞாயிறு, பூசை முடிந்து ஜில்பெர்த் கம்பியோடு வந்தாள். குத்தினாள், முகர்ந்தாள்.

"லத்தி பத்தல. கஞ்சத்தனம் பண்ணிருக்க."

"நாத்தம் அடிக்குமேன்னு பாத்தேன்."

"நாத்தம் இல்லாம வெந்நி வேணுமாம் மகாராணிக்கு. கெளம்பு."

கோயிலுக்குப் போட்ட பாவாடையோடு லாயத்துக்குப் போனோம். அவள் வீசிய ஒரு மண்வெட்டி லத்தி தவறி என்மேல் விழுந்தது. நான் வீசியது தவறவில்லை. அறுபதைத் தொட்ட இரண்டு பெண்கள் லத்திக் குழியில் உட்கார்ந்து, எழுந்திருக்க முடியாமல் சிரிப்பதைக் குதிரைகள் வரிசையாகத் தலையை நீட்டிப் பார்த்தன.

ஒன்பதாம் நாள் என் குழாயிலும் வெந்நீர் வந்தது. அன்றைக்கு மட்டும் நான் மூன்று தடவை குளித்தேன்.