உப்புக்கை

சுப்பாத்தாளின் கை உப்புக்கை என்று முதலில் சொன்னது யார் என்று இன்றைக்குப் போய்க் கேட்டால் குயவர் தெருவில் ஒருவரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஆளாளுக்கு அடுத்த வீட்டைக் கைகாட்டுவார்கள். ஆனால் அந்தப் பேர் இருபது வருசத்துக்கு மேலாக அவளோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது. கல்யாண மணவறையில் அடுக்கி வைக்கிற அரசாணிப் பானை வாங்க வருகிறவர்கள்கூட, "உப்புக்கை பட்டதுங்களா இது, படாததுங்களா?" என்று விசாரித்துவிட்டுத்தான் பானையைத் தொடுவார்கள். அவளை எதிரில் வைத்துக்கொண்டே கேட்பார்கள். அவளும் அங்கேயே நின்று கேட்டுக்கொண்டிருப்பாள்.

அவள் பிறந்தது கணியூர். அமராவதித் தண்ணீர் பாய்கிற ஊர். அப்பா சக்கரத்தில் பானையை இறக்கி வைப்பார். ஈரம் பாதி வற்றினதும் அம்மாவும் அவளும் எடுத்து, உள்ளே ஒரு கையால் கல்லைக் கொடுத்து, வெளியே பலகையால் தட்டித் தட்டி வயிறு வைப்பார்கள். சக்கரம் ஆணுக்கு, பலகை பெண்ணுக்கு. அதனால் பானையின் மேல் கடைசியாகப் படுகிற கை எப்போதும் பெண்பிள்ளையின் கைதான். பின்னால் எல்லாப் பழியையும் அவள் தலையில் இறக்கி வைக்க அது ரொம்பவும் வசதியாகப் போயிற்று.

வெள்ளகோவிலுக்கு வடக்கே ஒரு ஊரில் முருகேஷுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். திருப்பூரைத் தாண்டி நொய்யலில் வருகிற தண்ணீர், வாய்க்கால் பிடித்து அந்த ஊர்க் குளத்தில் வந்து விழும். குளத்து வண்டல்தான் தெரு முழுக்க மண். கல்யாணமாகி அவள் கை பட்ட முதல் சூளையைப் பிரித்தபோது பானைகள் செக்கச்செவேல் என்று இருந்தன. மாமியார் கருப்பாத்தாளே நல்ல கை என்று சொன்னாள். தண்ணீர் ஊற்றி வைத்து இரண்டு நாள் போனதும் பானை வயிற்றைச் சுற்றி வெள்ளை பூத்தது. துடைத்தால் போனது, விடிந்தால் மறுபடி பூத்தது. உள்ளே இருந்த தண்ணீர் வாயில் வைக்க முடியாமல் கரித்தது.

கருப்பாத்தாள் பானையைப் பார்த்தாள். மருமகளைப் பார்த்தாள். குளத்தை மட்டும் பார்க்கவில்லை. அங்கங்கே லேசாக வெள்ளை பூப்பது இந்த மருமகள் வருவதற்கு முன்பே தொடங்கிவிட்டது என்பது தெருவுக்கே தெரியும். அதை ஒருத்தராவது வாய் திறந்து சொல்ல வேண்டுமே. புதுப்பெண் கிடைத்தாள், போதும்.

சுப்பாத்தாள் சும்மா இருக்கிற ஆள் இல்லை. அண்ணனிடம் சொல்லி கணியூரிலிருந்து நாலு மூட்டை மண் வரவழைத்தாள். அதே சக்கரம், அதே சூளை, அதே கை. பானைகளில் ஒரு பொட்டு வெள்ளைகூட இல்லை. தண்ணீர் ஊற்றி, ஒரு வாரம் வாசலில் எல்லோரும் பார்க்கிற மாதிரி வைத்தாள். கருப்பாத்தாள் வந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்: "பொறந்தூட்டு மண்ணுன்னா கை நல்லாத்தான் வேலை செய்யுது. புகுந்தூட்டு மண்ணுன்னாத்தான் உப்பு வெக்குது." இப்படிப் பேசுகிறவர்களிடம் கல்லைக் காட்டினால் அதையும் கை என்பார்கள்.

முருகேஷ் அப்போது அங்கேதான் உட்கார்ந்திருந்தான். நல்ல மனுசன்தான். குடி கிடையாது, பெண்டாட்டி மேல் கை நீட்ட மாட்டான். ஆனால் வாய் என்பதைச் சோறு தின்பதற்கு மட்டும் கொடுத்தார்கள் என்று நினைத்துவிட்டானோ என்னவோ, அம்மாவையும் பார்க்காமல் பெண்டாட்டியையும் பார்க்காமல் மண்ணைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

பலகையைக் கருப்பாத்தாள் பிடுங்கி வைத்துக்கொண்டாள். சுப்பாத்தாள் பனியன் கம்பெனி வேனில் ஏறினாள். செக்கிங் வேலை. பல வருசம் போனாள். அங்கே ஒரு விசயம் அவளுக்கு ரொம்பப் பிடித்தது. பீஸில் கறை இருந்தால் கடைசியாகத் தொட்டவளைப் பிடித்துத் திட்டிவிட்டு விடமாட்டார்கள். எந்த ரோல், எந்த லாட், எந்தப் பட்டறையில் சாயம் போட்டது என்று பின்னாலேயே போய்ப் பிடிப்பார்கள். ஒரு பனியனுக்கு இருக்கிற நியாயம் நமக்கு இல்லாமல் போயிற்றே என்று வேனில் வரும்போது நினைத்துக்கொள்வாள்.

கருப்பாத்தாள் காலமானதும் சுப்பாத்தாள் மறுபடி பலகையைக் கையில் எடுத்தாள். அதற்குள் தெருவில் எல்லா வீட்டுப் பானையும் பூக்க ஆரம்பித்திருந்தது. இனியாவது அந்தப் பேர் போகும் என்று பார்த்தால், உப்புக்கைக்காரி கண் பட்டு எங்கள் பானையும் பூக்கிறது என்று ஆக்கிவிட்டார்கள். கேட்டால் வயிறு எரியுமா எரியாதா? அவளுக்கு வேண்டியதெல்லாம் ஒன்றே ஒன்றுதான். அது அவள் கை இல்லை என்று நாலு பேர் முன்னால் யாராவது ஒரு தடவை சொல்ல வேண்டும். வேறு எதுவும் அவள் கேட்கவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் போன மாசி மாதம் அனுப்பிரியா வந்தாள். திருப்பூரில் பெரிய எக்ஸ்போர்ட் குடும்பத்துப் பெண். பீங்கான் கோப்பை, குவளை செய்யக் கற்றுக்கொடுக்கிற ஸ்டுடியோ வைத்திருக்கிறாள். ஸ்டுடியோக்காரர்களையும் ஊர்க் குயவர்களையும் சேர்த்து ஒரு கண்காட்சி நடத்தப் போவதாகச் சொன்னாள். பானைகளைத் தேர்ந்தெடுக்க வீடு வீடாக வந்தவள், சுப்பாத்தாள் வீட்டுப் புறக்கடையில் விற்காமல் ஒதுக்கிப் போட்டிருந்த பானைகளுக்கு முன்னால் நின்றுவிட்டாள்.

"அக்கா, இந்த வெள்ளைப் பூச்சு என்ன கிளேஸ்? இவ்வளவு அழகா எப்படி வருது?"

சுப்பாத்தாள் வாயைத் திறப்பதற்குள் வெள்ளியங்கிரி முன்னால் வந்தார். குயவர் சங்கத் தலைவர். அவளுக்கு மாமா முறை. கல்யாண வீட்டுக்காரர்களிடம் உப்புக்கை படாத பானையாக எடுத்துக் கொடுக்கிற வேலையை இத்தனை வருசமும் பொறுப்பாகச் செய்தவர் இவர்தான்.

"அது எங்க பரம்பரைக் கைமுறைங்க கண்ணு. பாட்டன் முப்பாட்டன் காலத்துல இருந்து வருது."

அனுப்பிரியா அந்தப் பக்கம் நகர்ந்ததும் சுப்பாத்தாள் வெள்ளியங்கிரியைப் பிடித்தாள்.

"மாமா, இத்தன வருசமா இதை என்ர கைன்னு சொன்னீங்களே."

"அது அப்ப அம்மிணி."

"இப்ப மட்டும் பரம்பரை ஆயிப்போச்சுங்களா?"

"கம்முனு இரு. அந்தப் புள்ள ஷோரூமுக்கு வருசம் பூரா ஆர்டர் தர்றேங்குது. நம்ம மண்ணுல உப்பு இருக்குதுன்னு வெளிய தெரிஞ்சா எவன் நம்மகிட்டச் சட்டி வாங்குவான்? தெருவே பட்டினி கெடக்கோணுமா?"

அதுவும் நிஜம்தான். தெருவில் உள்ள அத்தனை வீட்டுக்கும் அந்த ஒரு குளம்தான் மண். அதனால்தான் சுப்பாத்தாள் பல்லைக் கடித்துக்கொண்டு பேசாமல் இருந்தாள். அவமானமாக இருந்தபோது அது அவள் ஒருத்தி கை. அழகாக ஆனதும் ஊர் முழுக்கப் பங்கு. இந்த அநியாயத்தை எந்தக் கடையில் வாங்கினார்களோ தெரியவில்லை.

கண்காட்சி திருப்பூரில் ஒரு ஏசி ஹாலில் நடந்தது. ஸ்டுடியோக்காரர்களின் நீலக் குவளைகளுக்கு நடுவில் சுப்பாத்தாளின் பானையை உயரமான வெள்ளைப் பலகையில் வைத்து மேலே லைட் போட்டிருந்தார்கள். பக்கத்தில் அட்டை: 'சால்ட் கிளேஸ். கொங்குக் குலாலர் மரபு.' சூளைக்குள் உப்பைப் போட்டு வரவழைக்கிற பளபளப்புப் பூச்சுக்கு அப்படிப் பேராம். வருகிறவர்கள் எல்லாம் பானையோடு போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அவள் பேர் அட்டையில் இல்லை. அவளுக்கு அதுகூடப் பெரிதாகப் படவில்லை. இந்த இடத்திலாவது விவரம் தெரிந்த யாராவது ஒருத்தர், இது என்ன அம்மா என்று கேட்க மாட்டார்களா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விவரம் தெரிந்தவர் வரத்தான் செய்தார். கண்காட்சிக்குப் பணம் கொடுத்து நடத்துகிற சசிகுமார். சொந்தமாகச் சாயப்பட்டறை வைத்திருப்பவர். பொன்னாடையோடு ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தவர், இந்தப் பானைக்கு முன்னால் நின்றார். வெள்ளையை ஒரு விரலால் தொட்டார். கட்டைவிரலில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார். வண்டி வண்டியாக உப்பு இறக்கிச் சாயம் போடுகிற மனுசனுக்கு உப்பு தெரியாதா? தெரிந்தது. அது அவர் முகத்திலேயே தெரிந்தது. கைக்குட்டையை எடுத்து விரலைத் துடைத்தார். பக்கத்தில் நின்ற சுப்பாத்தாளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அனுப்பிரியா பக்கம் திரும்பினார்.

"நல்லாருக்குதும்மா. இதுக்கே பர்ஸ்ட் பிரைஸ் குடுத்துருங்க."

அங்கேதான் சுப்பாத்தாளுக்குப் பற்றிக்கொண்டது. தெரியாதவர் கொடுத்திருந்தால் வாங்கிக்கொண்டு போயிருப்பாள். தெரிந்துகொண்டே வாயில் பரிசைத் திணித்து மூடப் பார்த்தால் எப்படிப் பொறுப்பது?

மேடையில் வெள்ளியங்கிரி சங்கத்தின் சார்பாகக் கேடயத்தை வாங்க நின்றார். செய்தவள் என்று சுப்பாத்தாளையும் பக்கத்தில் நிறுத்தியிருந்தார்கள். அனுப்பிரியா மைக்கை அவள் கையில் கொடுத்து, "ரெண்டு வார்த்தை பேசுங்கக்கா" என்றாள். "நன்றின்னு மட்டும் சொல்லு அம்மிணி" என்று வெள்ளியங்கிரி உதடு அசையாமல் சொன்னார்.

"நன்றிங்க" என்றாள் சுப்பாத்தாள். "ஆனா இது கிளேசும் இல்லீங்க, பரம்பரையும் இல்லீங்க. இது உப்புங்க. சாயத்தண்ணி உப்பு."

வெள்ளியங்கிரி மைக்கைப் பிடிக்கக் கை நீட்டினார். அவள் தள்ளி நின்றுகொண்டாள்.

"எங்க குளத்து வண்டல்ல இருந்து வருதுங்க. இந்தப் பானையில தண்ணி ஊத்துனா குடிக்க முடியாதுங்க. பானை இப்புடிப் பூக்கறது என்ர கையினாலன்னு இருவது வருசத்துக்கு மேல எங்க தெருவுல என்னையச் சொன்னாங்க. உப்புக்கைக்காரின்னு பேரு வெச்சாங்க. இங்க வந்து பார்த்தா அதுக்கே லைட்டுப் போட்டு வெச்சிருக்கீங்க."

முன்வரிசையிலிருந்து சசிகுமார் எழுந்தார். கோபமே இல்லை. ரொம்ப மரியாதையாகத்தான் பேசினார்.

"அம்மிணி, இப்பல்லாம் பட்டறையில இருந்து ஒரு சொட்டுத் தண்ணி வெளிய போறதில்லீங்க. சுத்தம் பண்ணி மறுக்கா நாங்களே எடுத்துக்கறம்."

"சரிங்க. இப்ப விடறதில்லீங்க. முன்ன விட்டது எங்கீங்க போச்சு? நொய்யல்ல வந்து எங்க குளத்துல படிஞ்சு கெடக்குது. வருசா வருசம் வண்டல் எடுக்கறம், வருசா வருசம் பூக்குது. உங்க கம்பெனியில ஒரு பீஸ் டேமேஜ் ஆனா எந்த லாட்டுன்னு கண்டுபிடிக்காம உடுவீங்களா? எங்க மண்ணு மட்டும் எந்த லாட்டுன்னு ஏனுங்க கேக்க மாட்டீங்க?"

சொல்லிக்கொண்டே மேடையை விட்டு இறங்கினாள். பானை வயிற்றில் நகத்தால் சுரண்டி, வெள்ளையை விரலில் எடுத்துக்கொண்டு அவர் எதிரில் போய் நீட்டினாள்.

"நான் பொய் சொல்றேன்னா நாக்குல வெச்சுப் பாருங்க சாமி."

சசிகுமார் அந்த விரலைப் பார்த்தார். பிறகு போனை எடுத்து அதைப் பார்த்தார். அவளும் கையை இறக்கவில்லை. நாலு பக்கமும் ஆட்கள் போனைத் தூக்கி வீடியோ எடுத்தார்களே ஒழிய, ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. கடைசியில் அனுப்பிரியாதான் மெதுவாக வந்து, அவள் விரலிலிருந்து கொஞ்சம் எடுத்து நாக்கில் வைத்தாள். முகம் சுளித்தது. அவளாவது சொல்லுவாள் என்று சுப்பாத்தாள் பார்த்தாள். அனுப்பிரியா மைக்கை வாங்கி, "டீ ரெடியா இருக்குங்க, எல்லாரும் சாப்பிட்டுட்டு வந்துருங்க" என்றாள்.

டீக்கு அப்புறம் அட்டையைக் காணோம். முதல் பரிசு ஒரு நீலக் குவளைக்குப் போயிற்று. ஷோரூம் ஆர்டரைப் பற்றி வெள்ளியங்கிரி கேட்டபோது, யோசித்துச் சொல்வதாக அனுப்பிரியா சொன்னாளாம். கொண்டுபோன பானைகளைக் அதே குட்டியானை லோடு வண்டியிலேயே திரும்ப ஏற்றினார்கள். கூட வந்த தெருப் பெண்கள் சுப்பாத்தாளிடம் முகம் கொடுத்துப் பேசாமல் பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள்.

"கெடுத்துப்போட்டயே அம்மிணி" என்றார் வெள்ளியங்கிரி.

"கெடுத்தது நானுங்களா மாமா?" என்றாள்.

அவர் டிரைவர் பக்கத்தில் ஏறிக்கொண்டார். பின்னால் பானைகள் உருளாமல் பிடித்துக்கொள்ள சுப்பாத்தாளும் முருகேஷும் ஏறினார்கள். காலையிலிருந்து ஹாலின் ஓரத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தானே தவிர, அவள் விரலை நீட்டிக்கொண்டு நின்றபோதுகூட முருகேஷ் எழுந்திருக்கவில்லை. அவள் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். இந்தப் பானை வியாபாரமும் இல்லாமல் போய்விட்டால் நாளைக்கு வீட்டில் அடுப்பு எப்படி எரியும் என்பதும் அவளுக்குத் தெரியும். பயம் இருந்தது. ஆனால் சொன்னதைப் பற்றி ஒரு துளி வருத்தமும் இல்லை.

காங்கேயம் தாண்டியதும் முருகேஷ் வாயைத் திறந்தான்.

"நீ பேசுனது அத்தனையும் நெசந்தான் புள்ள" என்றான். "அது உன்ர கை இல்லைன்னு எனக்கு அப்பவே தெரியும்."

இத்தனை வருசம் அவள் கேட்கக் காத்திருந்த சொல் அதுதான். கடைசியில் அதைக் கேட்க வண்டியின் பின்பக்கம் பானைகளைத் தவிர வேறு யாரும் இல்லை. சுப்பாத்தாள் அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"இதை அங்க சொல்லியிருக்கோணுங்க" என்றாள்.