டெல்ஃபினா கட்டிய முடிச்சு

மார்ச் பதினொன்று, செவ்வாய்க்கிழமை காலை குலிக்லிக் கேசோன் நகரத்தை விட்டுக் கிளம்பியது. சில்வண்டின் பெயர் வைத்த, ஒரு சாண் அகலம்கூட இல்லாத செயற்கைக்கோள் அது. பேராசிரியர் ஒலிவெரோஸ் அதைக் கைப்பெட்டியில் வைத்து விமானத்தில் கொண்டுபோய், வெளிநாட்டில் ராக்கெட்காரர்களிடம் ஒப்படைக்க வேண்டும். பத்து மணிக்குக் கார். ஒன்பதரைக்கு அவர் ஒரு பாதிரியாரோடு வந்து நின்றார்.

"சார், ஃபாதர் எதுக்கு?" என்றாள் ஆய்வக உதவியாளர் டெல்ஃபினா.

"ஜீப்னி வண்டி வாங்கினாலே மந்திரிக்கிறோம். இது ராக்கெட்ல போகுது."

"மந்திரிக்கட்டும். பெட்டியை மூடி வெச்சு."

"திறந்து வெச்சாத்தான் போட்டோ நல்லா வரும்."

பாதிரியார் தாராளமான மனிதர். மூன்று முறை தீர்த்தம் தெளித்தார். உப்பு போட்ட தீர்த்தம்.

டெல்ஃபினாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கவீத்தே ஊர்த் தொழிற்சாலையில் பதினோரு வருஷம் உருப்பெருக்கிக்குக் கீழே மின்பலகைகளைப் பற்றவைத்தவள் அவள். தலைமுடி ஒன்று விழுந்தாலே பலகை வீண் என்று பழகிய கை. கல்லூரி ஆய்வகத்துக்கு வந்து ஆறு வருஷம் ஆகிறது. மாணவர்கள் வருவார்கள், பட்டம் வாங்குவார்கள், போய்விடுவார்கள். "எண்ணெய் வழியுற சிச்சரோன் தின்ன கையோட உள்ள வராதீங்கடா" என்று ஒவ்வொரு கூட்டத்துக்கும் முதலிலிருந்து கத்த வேண்டும். கடைசியில் தண்ணீர் வந்தது பேராசிரியர் வழியாக.

குலிக்லிக்கின் ஆண்டெனா, அளவுநாடா போன்ற எஃகுப் பட்டை. அதை மடக்கி, மீன்பிடிக்கும் நைலான் நரம்பால் கட்டியிருந்தாள். விண்ணில் விடப்பட்ட முப்பதாவது நிமிடம் ஒரு சூட்டுக் கம்பி நரம்பை உருக்கும், பட்டை விரியும். விரியாவிட்டால் குலிக்லிக் ஊமை. அந்த முடிச்சில்தான் உப்புத்தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

வெட்டினாள், ஸ்பிரிட்டால் துடைத்தாள், புது நரம்பால் கட்டினாள். வாசலில் கார் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது.

"முடிச்சு மேல வெச்ச பசை காய ஒரு நாள் ஆகும், சார்."

"விமானத்துல காயும், டெல்ஃபினா. குடு."

ஜூன் மாதம், வேறு அறுபது குட்டிச் செயற்கைக்கோள்களோடு அது மேலே போனது. சத்தம் இல்லை. ஒரு வாரம், ஒரு மாதம், ம்ஹூம். குழு கூடி அறிக்கை எழுதியது: 'உதவியாளர் கடைசி நேரத்தில் மாற்றிக் கட்டிய முடிச்சு காரணமாக இருக்கலாம்.'

"தண்ணி தெளிச்சதை ஏன் சார் எழுதல?"

"கோவிலைக் குத்தம் சொல்ல முடியுமா?"

"என்னைச் சொல்லலாமாக்கும்?"

"உன் பேரே போடலையே!"

ஆய்வகத்தில் உதவியாளர் ஒருத்திதான். அடுத்த செயற்கைக்கோளுக்கு வேறு ஆள் கட்டட்டும் என்று முடிவாகி, அவளை அலமாரிகளுக்குச் சீட்டு ஒட்ட வைத்தார்கள். முடிச்சுக் கட்டும் வேலை கையை விட்டுப் போனதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

தரை நிலையத்தில் குலிக்லிக்கின் குரலுக்காக வானொலி கேட்கும் மாயுமியைப் போய்ப் பிடித்தாள்.

"எங்கே பார்த்துக் கேக்குறே?"

"ராடார் பட்டியல்ல நம்ம எண் இருக்குக்கா. அது போற பாதையைப் பார்த்துதான்."

"அறுபத்தொண்ணும் ஒரே மாதிரி டப்பா. அது நம்மளோடதுன்னு யாரு சொன்னா?"

"சார்."

"சாருக்கு யாரு சொன்னா?"

மாயுமி பட்டியலை மறுபடி மேலிருந்து பார்த்தாள்.

அன்றே டெல்ஃபினா அவளை, உலகத்து அமெச்சூர் வானொலிக்காரர்கள் அத்தனை பேருக்கும் அலைவரிசையைச் சொல்லிக் கடிதம் எழுத வைத்தாள். பேராசிரியரிடம் கேட்கவில்லை. ஆகஸ்ட் போனது, கிறிஸ்துமஸ் போனது. "பதில் வந்துச்சா?" என்று தினமும் கேட்டதில் மாயுமி அவளைக் கண்டாலே கழிப்பறைக்குள் ஒளிய ஆரம்பித்தாள்.

பிப்ரவரியில், பெரு நாட்டிலிருந்து, ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் எழுதியிருந்தார்:

'நீங்கள் துரத்துவது வேறு யாருடையதோ. உங்களுடையது அதற்குப் பதினெட்டு நிமிடம் முன்னால் போகிறது, நன்றாகவே பேசுகிறது. ஒலிப்பதிவை இணைத்திருக்கிறேன். ஆண்டெனா விரிந்தது முப்பதாவது நிமிடம் என்று அதுவே சொல்கிறது. தயவுசெய்து யாராவது பதில் கொடுங்கள், எட்டு மாதமாகக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறது.'